குளிர்காலப் புயல், வெள்ளம், கரண்ட் கட்: வீட்டில் என்ன தயார் செய்து வைப்பது? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

புதுக்குடி | 12 ஜூன் 2025, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். ஜோபர்க்கில் ஆறு வருடம் இருந்துவிட்டு, வேலை மாறி பிப்ரவரியில் டர்பன் வந்தோம். சாட்ஸ்வொர்த்தில் சரிவில் ஒரு வாடகை வீடு. நான், மனைவி, மூன்று வயதுப் பையன், மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து மாகாணமான ஈஸ்டர்ன் கேப்பில் ம்தாதா ஊரின் வெள்ளச் செய்தியைப் பார்த்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. சாவு எண்ணிக்கை இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதே வாரத்தில் இங்கேயும் காற்று அடித்து ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. என் கையில் இருந்தது 18 சதவீதம் சார்ஜ் உள்ள போன், பையனின் பிறந்தநாள் கேக்கில் மிஞ்சிய நாலு மெழுகுவர்த்தி. அது எவ்வளவு நேரம் எரிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

லிஸ்ட் போட்டிருக்கிறேன்: 5 கிலோவாட் இன்வெர்ட்டர், பேட்டரி, சார்ஜ் விளக்கு நாலு, கேஸ் ஹீட்டர், பெரிய பவர் பேங்க். இன்வெர்ட்டருக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். வாங்கலாமா?

தொங்காட்_அக்கா | 12 ஜூன், இரவு 9:15

தம்பி, லிஸ்டை இரண்டு தடவை படித்தேன். ஐந்து சாமானில் நாலு கரண்டுக்கு, ஒன்று குளிருக்கு. தண்ணீர் எங்கே?

2022 ஏப்ரல் 11, 12 மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கமாட்டோம். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400 பேருக்கு மேல் உயிர் போயிற்று. எங்கள் வீட்டுக்கு அந்த ராத்திரி ஒன்றுமே ஆகவில்லை. காலையில் காபி குடித்துவிட்டு, தப்பித்தோம் என்று சாமிக்கு விளக்கேற்றினேன். பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. தொங்காட் சுத்திகரிப்பு நிலையத்தையே வெள்ளம் அடித்துவிட்டது. அப்புறம் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வர மாதக்கணக்கு ஆயிற்று. நாள் கணக்கு இல்லை தம்பி, மாதக்கணக்கு.

வரும் என்று சொன்ன நாளில் டேங்கர் வராது. வராது என்று படுத்த பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு ஹாரன் கேட்கும். நைட்டியோடு ஓடுவேன். கடையில் 25 லிட்டர் கேன் மலிவு என்று நாலு வாங்கி வைத்திருந்தேன். நிரம்பினால் ஒரு கேன் 25 கிலோ. என்னால் படி ஏற்ற முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வரும்வரை ரோட்டிலேயே காவல் நின்றேன். இரண்டாவது வாரமே எல்லாவற்றையும் 10 லிட்டருக்கு மாற்றினேன். உங்கள் மாமியாரால் தூக்க முடிகிற அளவில் வாங்குங்கள், உங்களால் தூக்க முடிகிற அளவில் வேண்டாம். நீங்கள் அன்றைக்கு ஆபீசில் இருப்பீர்கள்.

கணக்கு: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நாலு பேர், ஏழு நாள், 112 லிட்டர். கழிவறைக்குத் தனியாக மூடியோடு ஒரு 200 லிட்டர் டிரம். டிரம் முன்னாடி சாப்பாட்டுச் சாமான் வைத்திருந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மருந்து, ரசாயனம் இருந்த டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம்.

கம்பி_வேலை | 12 ஜூன், இரவு 9:52

எலக்ட்ரீஷியன் பேசுகிறேன். அக்கா சொன்னதற்குக் கீழே கையெழுத்து.

கடன் வாங்கி 5 கிலோவாட் இப்போது வேண்டாம். அதுவும் வாடகை வீட்டில். 2023-இல் லோட் ஷெடிங்கில் (நேரம் சொல்லி நிறுத்தும் கரண்ட் கட்) பட்ட பாடு இப்போது இல்லை. புயலில் போகிற கரண்ட் வேறு ஜாதி. அதற்கு நேர அட்டவணை கிடையாது. மரம் விழுந்து லைன் அறுந்தால் மூன்று நாளும் ஆகும், அத்தனை நாளைக்கு உங்கள் பேட்டரி தாங்காது. வைஃபைக்கு ஒரு சின்ன யூபிஎஸ், சார்ஜ் விளக்கு மூன்று, பேட்டரியில் பாடும் ரேடியோ ஒன்று போதும். செல் டவருக்கும் பேட்டரிதான். அதுவும் சில மணி நேரத்தில் படுத்துவிடும். அப்போது சேதி சொல்வது லோட்டஸ் எஃப்எம்தான். ரேடியோவைக் கேலி செய்த என் மகன் 2022-இல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டான்.

ப்ரீபெய்ட் மீட்டர் என்றால் மழை எச்சரிக்கை வந்த அன்றே யூனிட் வாங்கி ஏற்றிவிடுங்கள். நெட்வொர்க் போன பிறகு கரண்ட் திரும்பி வந்தும் இருட்டில் உட்கார்ந்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மீட்டரில் அடிக்க வேண்டிய 20 இலக்க எண்ணை எங்கேயிருந்து வாங்குவீர்கள்?

கரண்ட் போனதும் கீசர், அடுப்பு, ஃப்ரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் அணையுங்கள். ஒரு பல்பை மட்டும் போட்டு வையுங்கள். அது எரிந்தால் கரண்ட் வந்தாயிற்று. பத்து நிமிடம் பொறுத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். வரும்போது வோல்டேஜ் குதிக்கும், அதில் போன ஃப்ரிட்ஜ் மோட்டார்தான் எங்கள் பிழைப்பு. தண்ணீர் இல்லாத நாளில் டிபியில் (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) கீசரை அணைத்தே வையுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி செத்த கம்பி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஜெனரேட்டரை இரண்டு பக்கமும் பின் வைத்த வயரில் சுவர் ப்ளக்கில் சொருகுகிறவர்களை நான் திட்டுவதில்லை, கும்பிடுகிறேன். லைனைச் சரி செய்ய ஏறியிருக்கும் ஆளைக் கொல்லும் வேலை அது.

நைட்_டூட்டி | 13 ஜூன், காலை 5:30

டூட்டி முடிந்து வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அண்ணா, உங்கள் அத்தைக்கு: பிரிக்காத இன்சுலின்தான் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். பிரித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிற பேனா, பெரும்பாலான வகைகள், அறைச் சூட்டிலேயே நாலு வாரம் வரை தாங்கும். வகைக்கு வகை மாறும், அதனால் டப்பாவுக்குள் இருக்கும் சீட்டைப் படியுங்கள். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. அதற்கு மேல் போனால் வாய் அகன்ற பிளாஸ்கில் ஐஸ் கட்டி, அதன் மேல் துண்டு, துண்டின் மேல் மருந்து. ஐஸோடு நேராக ஒட்டி வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. கூடவே குளுக்கோஸோ சர்க்கரையோ அவர் தலைமாட்டில் இருக்கட்டும். பயத்தில் சாப்பிடாமல் ஊசி மட்டும் போட்டுக்கொள்கிறவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள்.

கிளினிக் கார்டு, மருந்துச் சீட்டு இரண்டையும் படம் பிடித்து வையுங்கள். மாத மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

டேங்கர் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ, கொதிக்க வைக்க வழியில்லை என்றால்: தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத ஜிக் (ப்ளீச்) ஊற்றிக் கலக்கி, குறைந்தது இரண்டு மணி நேரம். ராத்திரி கலந்து வைத்துக் காலையில் குடிப்பது இன்னும் நல்லது. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். பையனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக.

கடைசியாக ஒன்று. மண்ணெண்ணெய், இங்கே எல்லோரும் சொல்கிற பாரஃபின். கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். கரண்ட் இல்லாத ராத்திரி, இருட்டு, தாகம், குழந்தை. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். விஷ உதவி எண் 0861 555 777. 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஃபீனிக்ஸ்_தாத்தா | 13 ஜூன், காலை 10:05

தம்பி, நான் படித்தது கோவில் பக்கத்துத் தகரக் கொட்டகைத் தமிழ்ப் பள்ளியில், சனிக்கிழமை மட்டும். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டைப் அடித்துத் தருவது பேத்தி.

எங்கள் குடும்பம் டின் டவுன். உம்கேனி ஆற்றங்கரை, ஸ்பிரிங்ஃபீல்டு. எண்ணெய் டிரம்மைத் தட்டித் தகடாக்கிக் கட்டிய வீடுகள், அதனால் அந்தப் பேர். 1917 அக்டோபரில் ஆறு பெருகி வந்தபோது கரைவலை போடுகிற ஆறு பேர் படகை எடுத்துக்கொண்டு போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். படவட்டான் ஆறு பேர் என்று சொல்வோம். எங்கள் ஆயா இந்தக் கதையை மழை பெய்யும்போதெல்லாம் சொல்வாள். வெயில் நாளில் கேட்டால் சொல்லமாட்டாள்.

1976-இல் ஆறு மறுபடி வந்தது. இந்தத் தடவை நானே பார்த்தேன். தண்ணீர் வாசல்படிக்கு வரும்வரை அப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். எதை எடுப்பது என்று தெரியவில்லை அவருக்கு. கடைசியில் கையில் எடுத்தது தையல் மெஷின். பேப்பர், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஆற்றோடு போயிற்று. அதற்குப் பிறகுதான் ஃபீனிக்ஸில் வீடு கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழைத் திரும்ப எடுக்க அப்பா அலைந்த அலைச்சல் பெரிய கதை, தையல் மெஷின் இன்னும் வீட்டில் இருக்கிறது.

நான் சொல்வது என்னவென்றால், எதை எடுப்பது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். ஒரு பை. பேப்பர், மருந்து, துணி, கொஞ்சம் ரொக்கம். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும்.

ரொக்கம் ஏன் என்றால், 2021 ஜூலை கலவரத்தில் ஏடிஎம் எல்லாம் உடைத்துப் போட்டார்கள், கடைகள் சாம்பல். ரொட்டிக்கு விடிகாலையில் வரிசை. அட்டை வைத்திருந்தவன் வெறுங்கையோடு போனான், இருபது ரேண்ட் தாள் வைத்திருந்தவன் ரொட்டியோடு போனான். சில்லறையாக வையுங்கள், யாரும் பாக்கி தரமாட்டார்கள்.

சாப்பாடு சுலபம். அரிசி, பருப்பு, டின் மீன், அச்சார். டின் மீன் கறி செய்யத் தெரியாத டர்பன் வீடு உண்டா?

கேப்_யாழ் | 13 ஜூன், மதியம் 1:20

நான் கேப் டவுனில் இருக்கிறேன். தலைப்பில் குளிர்காலப் புயல் என்று போட்டிருப்பதால் ஒன்றை வடிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குளிர்காலம்தான் மழைக்காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அட்லாண்டிக்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குளிர்முகங்கள் வரும், வடமேல் காற்று கூரையைப் பிடுங்கும். 2017 ஜூன் 7 புயலுக்குப் பள்ளிக்கூடங்களை முதல் நாளே மூடச் சொல்லிவிட்டார்கள். அதனால் சனங்கள் மே மாதமே பீலி (கூரை ஓரத்துத் தண்ணீர்க் காடி) துப்புரவாக்கி, மரக்கிளை வெட்டி ஆயத்தமாகிவிடுவார்கள்.

உங்கள் பக்கம் குளிர்காலம் வறண்ட காலம். அதனால்தான் ஏமாந்து போகிறீர்கள். உங்களை அடிப்பது 'கட்-ஆஃப் லோ'. மேலே ஓடுகிற மேற்குக் காற்றிலிருந்து ஒரு குளிர்க்காற்றுத் துண்டு அறுந்து தனியே நின்று சுழலும். அதைத் தள்ளிக்கொண்டு போக ஆளில்லாததால் அதே இடத்தில் இரண்டு மூன்று நாள் நிற்கும். வெதுவெதுப்பான இந்து சமுத்திரத்திலிருந்து ஈரத்தை இழுத்து மலைச்சரிவில் கொட்டும். உயரமான இடத்தில் அதுவே பனி. 2022 ஏப்ரலில் வந்ததும் இந்தச் சாதிதான், இந்த வாரம் ம்தாதாவை அடித்ததும் இதுதான்.

வானிலைச் சேவையின் எச்சரிக்கையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமும் பக்கத்தில் 1 முதல் 10 வரை ஓர் எண்ணும் வரும். அது மழை அளவு இல்லை. நடக்க எவ்வளவு சாத்தியம், நடந்தால் எவ்வளவு சேதம் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்கிற எண். மஞ்சள்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

சும்மா_வந்தேன் | 13 ஜூன், மதியம் 2:02

எல்லாரும் சேர்ந்து அந்த மனுஷனைப் பயமுறுத்துகிறீர்கள். முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், ஒரு வாளி தண்ணீர்கூடப் பிடித்து வைத்ததில்லை. மாரியம்மா பார்த்துக்கொள்வாள்.

தொங்காட்_அக்கா | 13 ஜூன், மதியம் 2:30

உங்கள் முகவரி கொடுங்கள் அண்ணா. அடுத்த தடவை டேங்கர் வராதபோது உங்களுக்காக மாரியம்மாவிடம் ஒரு கேன் கொடுத்தனுப்புகிறேன்.

நெல்லை_டு_ஜோபர்க் | 13 ஜூன், இரவு 7:45

அக்கா பதிலைப் படித்துவிட்டு ஆபீசில் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

புதுக்குடி, நீங்கள் ஜோபர்க் பக்கம் அடிக்கடி காரில் வருவீர்கள் என்பதால் இது. போன வருடம் செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. ஹெரிட்டேஜ் டே லீவோடு சேர்த்து நாலு நாள் கிடைக்கிறதே என்று என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்குக் கிளம்பினோம். வார்டன் ஊரைத் தாண்டும்போது பனி. முதல் அரை மணி நேரம் செம ஜாலி, பிள்ளைகள் வீடியோ எடுத்தார்கள். அப்புறம் முன்னால் இருந்த லாரி நின்றது. அப்புறம் எல்லாமே நின்றது. வான் ரீனன் கணவாயே அடைபட்டு, நூற்றுக்கணக்கான வண்டிகள் ராத்திரி முழுக்கச் சிக்கின. எங்களிடம் இருந்தது ஒரு சால்வை, இரண்டு பாக்கெட் முறுக்கு, கால் டாங்க் பெட்ரோல். ஹார்ரிஸ்மித்தில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு லாரி டிரைவர் ஒருவர், ஜூலுக்காரர், கண்ணாடியைத் தட்டினார். உதவி கேட்கிறார் என்று நினைத்தேன். என் வண்டியின் புகைக்குழாயைக் காட்டி, காலால் பனியைத் தள்ளிவிட்டுப் போனார். குழாய் பாதி மூடியிருந்தது. ஹீட்டருக்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்திருந்தால் வாசனைகூடத் தெரிந்திருக்காது. அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை நான்.

இப்போது டிக்கியில் போர்வை மூன்று, 5 லிட்டர் தண்ணீர், ஒரு சின்ன மண்வெட்டி எப்போதும் இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை பாதி டாங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை. சிக்கினால் மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சின், அதற்கு முன் இறங்கிக் குழாயைப் பார்க்கணும், கண்ணாடியை ஒரு விரல் இறக்கணும்.

அதே விஷயம்தான் உங்கள் கேஸ் ஹீட்டருக்கும். அடைத்த அறையில் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். இங்கே ஹைவெல்டில் (ஜோபர்க் இருக்கும் மேட்டுநிலம்) ஒவ்வொரு குளிர்காலமும் குடும்பத்தோடு செத்துப்போகிறார்கள். டர்பன் குளிருக்கு ஹீட்டர் எதற்கு? இரண்டு கம்பளி போதும்.

பேப்பர் பற்றித் தாத்தா சொன்னதோடு ஒன்று. நம் மாதிரி விசாவில் இருக்கிறவர்களுக்குப் பாஸ்போர்ட் நனைந்தால் வேலையே ஆபத்து. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இரண்டு அடுக்கு. நகல் ஈமெயிலில், இன்னொரு நகல் ஊரில் அண்ணனிடம்.

புதுக்குடி | 14 ஜூன், காலை 7:10

என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இன்வெர்ட்டர் கொட்டேஷனைக் கிழித்துவிட்டேன், ஹீட்டரும் லிஸ்டில் இல்லை.

இரண்டு கேள்வி. வீட்டுக்காரர் ஜோஜோ டேங்க் (பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார். கூரைத் தண்ணீரைக் குடிக்கலாமா? அப்புறம், வீட்டுக்குப் பின்னால் மண்மேடு, அதைத் தாங்க ஓர் ஆள் உயரச் சுவர். அதில் குறுக்காக ஒரு வெடிப்பு இருக்கிறது. வீட்டுக்காரர் "அது பழைய வெடிப்பு" என்கிறார்.

தொங்காட்_அக்கா | 14 ஜூன், காலை 8:25

முதல் கேள்விக்கு முதலில். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரை, 20 மில்லிமீட்டர் மழை என்றால் 1200 லிட்டர், சிந்தியது போக ஆயிரம் என்று வையுங்கள். ஒரு நல்ல மழைக்கே அவ்வளவு சேரும். ஆனால் உங்கள் பக்கம் பழைய கவுன்சில் வீடுகளில் நிறைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அப்படி இருந்தால் கழிவறைக்கும் தரை கழுவவும் மட்டும். தகரமோ ஓடோ என்றால் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் பிடித்துக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

இரண்டாவது கேள்வியைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். டேங்க், கேன், ரேடியோ எல்லாவற்றையும் விட அந்தச் சுவர் முக்கியம்.

ஃபீனிக்ஸ்_தாத்தா | 14 ஜூன், காலை 9:40

சரியாகச் சொன்னாய் அம்மா. தம்பி, 2022-இல் ஆற்றில் போனவர்கள் மட்டும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தபோது மண் வந்து மூடியவர்களும் நிறையப் பேர். நான் நாற்பது வருடம் கொத்துவேலை செய்தவன், சுவரைப் பற்றி என்னைக் கேளுங்கள்.

சுவரின் அடியில் வரிசையாக ஓட்டைகள் இருக்கிறதா? பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அது மேட்டுக்குள் தேங்கும் தண்ணீர் வெளியே வர வைத்தது. அழகு இல்லை என்று சிமெண்ட் பூசி அடைத்தவர்களை எனக்குத் தெரியும். அடைத்தால் பின்னால் தண்ணீர் தேங்கி, அந்தப் பாரமே சுவரைத் தள்ளும். ஒரு கம்பியை விட்டு எல்லா ஓட்டையையும் குத்திப் பாருங்கள். மண், எறும்புப் புற்று, பையன் சொருகிய குச்சி எல்லாம் வரும்.

வெடிப்பு பழசா புதுசா என்பதை வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதில்லை, வெடிப்பே சொல்லும். பென்சிலால் இரண்டு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே இரண்டு இடத்தில் அளந்து எழுதுங்கள். மாதம் ஒரு தடவை பாருங்கள், பெரிய மழைக்கு மறுநாள் பாருங்கள். கோட்டைத் தாண்டினாலோ, சுவர் நடுவில் வயிறு தள்ளினாலோ, உடனே எஞ்சினியரைக் கூப்பிடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

ஆரஞ்சு எச்சரிக்கை வந்த ராத்திரி மேட்டுப் பக்கத்து அறையில் யாரும் படுக்காதீர்கள். ரோட்டுப் பக்கத்து அறைக்கு மெத்தையை இழுத்துப் போடுங்கள். திடீரென்று கதவு இறுக ஆரம்பித்தால், மேட்டில் நேராக நின்ற மரம் சாய்ந்தால், ஓட்டையில் வரும் தெளிந்த தண்ணீர் கலங்கி வந்தால், பையை எடுத்துக்கொண்டு வெளியே. எங்கே போவது என்று அப்போது யோசிக்கக் கூடாது. உங்களுக்கு மேட்டுக்கு எதிர்ப்பக்கம் யார் வீடு? பேசியிருக்கிறீர்களா?

புதுக்குடி | 14 ஜூன், காலை 10:15

கை மட்டும் காட்டியிருக்கிறேன் தாத்தா. பேர் தெரியாது.

ஃபீனிக்ஸ்_தாத்தா | 14 ஜூன், காலை 10:22

இன்றைக்குச் சனிக்கிழமை. வீட்டில்தான் இருப்பார்கள். போய்ப் பேர் கேளுங்கள்.

கம்பி_வேலை | 14 ஜூன், மதியம் 12:30

இன்சூரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. கட்டடம் வீட்டுக்காரர் பொறுப்பு, உள்ளே இருக்கும் சாமான் உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்து, டிவி பின்னால் இருக்கும் நம்பரைக்கூடப் படம் பிடியுங்கள். என் ஒர்க்‌ஷாப்பில் தண்ணீர் புகுந்தபோது, பீலியில் இலை அடைத்திருந்ததால் பராமரிப்புக் குறை என்று சொல்லிப் பாதிப் பணம்தான் தந்தார்கள். இப்போது பீலி துப்புரவாக்கியதும் படம் எடுத்து வைக்கிறேன், தேதியோடு. கலவரச் சேதத்துக்குச் சாதாரண பாலிசி பேசாது, சாஸ்ரியா (கலவரச் சேதத்துக்கான அரசு இன்சூரன்ஸ்) சேர்ந்திருக்கிறதா பாருங்கள்.

எண்கள், ஃப்ரிட்ஜில் ஒட்ட: டர்பன் அவசர உதவி 031 361 0000. ஆம்புலன்ஸ் 10177. போலீஸ் 10111. செல்போனில் 112.

நைட்_டூட்டி | 14 ஜூன், மாலை 4:50

எங்கள் மாதிரி மழையில் வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: தாழ்வான பாலத்தில் முழங்கால் உயரம்கூட வேண்டாம், 30 சென்டிமீட்டர் ஓடுகிற தண்ணீர் சின்னக் காரைத் தூக்கிவிடும். 60 இருந்தால் பக்கியும் (பிக்கப் வண்டி) போகும். ம்தாதாவில் பள்ளிப் பிள்ளைகளின் வேன் போனதும் ஆற்றுப் பாலத்தில்தான். லேட்டானால் சீஃப் திட்டட்டும்.

தொங்காட்_அக்கா | 14 ஜூன், இரவு 9:00

தம்பி, எல்லாம் வாங்கிய பிறகு ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முதலில் கீசரை அணைத்துவிட்டு, மீட்டர் பக்கத்து மெயின் வால்வை மூடுங்கள். டிபியில் மெயினையும் இறக்குங்கள். ஞாயிறு காலை ஆறு வரை எது நடந்தாலும் திறக்கக் கூடாது, மருந்து விஷயம் தவிர. என்ன குறைகிறது என்று அந்த ஒரு நாள் சொல்லிவிடும்.

புதுக்குடி | 22 ஜூன், காலை 8:30

செய்தோம் அக்கா. விவரமாகச் சொல்கிறேன்.

முதலில், மெயின் வால்வைக் கண்டுபிடிக்கவே நாற்பது நிமிடம். புல்லுக்கும் மண்ணுக்கும் கீழே, ஒரு தவளை குடும்பத்தோடு இருந்தது. திருகினால் அசையவில்லை. எதிர்வீட்டு அண்ணன் (பேர் தெரிந்துவிட்டது தாத்தா, இரண்டு தெரு தள்ளி அவர் தங்கையும் இருக்கிறார்) எண்ணெய் விட்டு, குறடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ராத்திரி வெள்ளத்தில் இதைச் செய்திருந்தால் நடந்திருக்காது.

எங்கள் கணக்கு 16 லிட்டர். ஆனது 29. மாமியார் ஒவ்வொரு சொம்புக்கும் அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். கோடுகளைப் பார்த்தால் யார் திருடன் என்று தெரிந்துவிட்டது: பாத்திரம். பருப்புச் சட்டி ஒன்றைக் கழுவவே ஆறு கோடு. பையன் பொம்மைக் காரைக் கழுவியது இரண்டு கோடு. மத்தியானத்திலிருந்து மாமியார் ஆட்சி. அவர் ராமநாதபுரம், குடம் காசு கொடுத்து வாங்கிய காலம் பார்த்தவர். எதிர்வீட்டில் வாழை இருக்கிறது, நாலு இலை அறுத்து வரச் சொன்னார். "தட்டைக் கழுவுறதுக்குத் தண்ணி கேட்டா இலையில தின்னுங்க" என்றார். ராத்திரி டின் மீன் கறி, இலையில்.

இன்சுலின் பிளாஸ்கில் நன்றாக இருந்தது. ரேடியோவுக்கு பேட்டரி வாங்க மறந்திருந்தேன். கேக் மெழுகுவர்த்தி தேவைப்படவில்லை.

சுவர் ஓட்டை பதினொன்றில் ஏழு அடைத்திருந்தது. ஒன்றிலிருந்து டென்னிஸ் பந்து வந்தது. வெடிப்புக்குப் பென்சில் கோடு போட்டு, படத்தோடு வீட்டுக்காரருக்கு ஈமெயில் அனுப்பிவிட்டேன். எஞ்சினியரைக் கூட்டி வருவதாகப் பதில் வந்திருக்கிறது, தேதி சொல்லவில்லை.

ஒரே பிரச்சினை: வால்வைத் திரும்பத் திறந்த பிறகு அதன் தண்டுப் பக்கம் சொட்டுகிறது. நிமிடத்துக்கு இருபது சொட்டு எண்ணினேன். ப்ளம்பரைக் கூப்பிடவா?

கம்பி_வேலை | 22 ஜூன், காலை 9:05

கம்பி என் வேலை, குழாய் இல்லை. ஆனாலும்: தண்டு உள்ளே போகிற இடத்தில் ஒரு நட்டு இருக்கும். ஸ்பேனர் போட்டுக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் அடுத்த தடவை வால்வு திரும்பாது.

புதுக்குடி | 22 ஜூன், காலை 9:40

கால் சுற்று. நின்றுவிட்டது. தவளை திரும்பி வந்துவிட்டது.